ஒரு வாய் இனிப்பு பாக்கி

நிலவேம்புக் கசாயத்தை ஊற்றுவதற்கு முன்பே, கசியாத்தி இனிப்புச் சாற்றை ஒரு சிரட்டையில் ஊற்றித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துவிடுவாள். கசப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தவருக்குத்தான் அது கிடைக்கும். பாதியில் நிறுத்தினால் அவளே குடித்துவிடுவாள். ஒன்பது வருடமாக இதைப் பார்த்துவந்த தர்மஜி ஒருநாளும் பாதியில் நிறுத்தியதில்லை.

தர்மஜிக்கு எந்த நோயும் இல்லை. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். மனைவியை இழந்தவர். சுரபாயாவில் அவர் குடியிருந்த சந்துக்கு, எட்டுப் புட்டிகள் அடுக்கிய கூடையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு காலை ஆறரைக்கு மூலிகைச் சாறு விற்கக் கசியாத்தி வருவாள். சொந்த ஊர் வோனோகிரிப் பக்கம். கலிமந்தானுக்கு மரம் வெட்டப் போன புருஷன் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, இவளைத் தீர்த்துவிட்ட காகிதத்தைத் தபாலில் அனுப்பினான். புட்டிகள் ஆடாமலிருக்க அதை மடித்துக் கூடைக்குள் முட்டுக் கொடுத்தாள்.

பிள்ளை பெற்றவளுக்கு எது, சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைக்கு எது என்று அவளுக்குத் தெரியும். தனக்குத் தலைவலி வந்தால் மட்டும் கடையில் மாத்திரை வாங்குவாள்.

"ஏன் யூ, உன் மருந்து உனக்கே ஒத்துக்காதா?" என்பாள் சந்து முனையில் தெம்பே என்ற சோயாக் கட்டியைப் பொரித்து விற்கும் லாஸ்மி. சந்தில் எல்லோருக்கும் கசியாத்தி 'யூ', அக்கா.

"அதுல என்ன போட்டேன்னு எனக்குத் தெரியுமில்ல."

அந்தச் சந்தில் மருந்து நல்லதா என்று யாரும் கேட்பதில்லை. ஒத்துக்குமா என்றுதான் கேட்பார்கள். மாப்பிள்ளைக்கும் வாடகை வீட்டுக்கும் அதே சொல்தான். தர்மஜி மாட்டிக்கொண்டது அதில்தான்.

நோன்பு தொடங்க இரண்டு நாள் இருந்தது. மறுநாள் அவள் ஊருக்குப் போகிறாள். தேய்த்த சட்டையோடு வந்து கசப்பைக் குடித்து, இனிப்பையும் வாங்கிக் குடித்துவிட்டு, தர்மஜி சொன்னார்: "யூ, எனக்கு நல்லா ஒத்துக்கிச்சு. உனக்கும் சரின்னா, காலம் முழுக்க இப்படியே..."

"நாக்கை நீட்டுங்க, பாக்."

நீட்டினார்.

"காலம் முழுக்கல்லாம் கூடாது. ஈரலுக்கு ஆகாது. இன்னைக்கு இன்னொரு டம்ளர் குடிங்க, அப்புறம் ஒரு மாசம் நிறுத்துங்க."

சிரிப்பை மறைக்க லாஸ்மி எண்ணெய்ச் சட்டிக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொள்ளாத குறை. தர்மஜி இரண்டாவது டம்ளரையும் குடித்தார். இனிப்புப் புட்டி காலி.

"ஒரு வாய் பாக்கி. பெருநாள் முடிஞ்சு வந்து தரேன்." கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள் முனையில் திரும்பிப் பார்த்தாள். "சட்டை நல்லா ஒத்துக்குது, மாஸ்."

ஒன்பது வருடமாக அவரைப் 'பாக்', ஐயா, என்றே கூப்பிட்டவள். கட்டிய புருஷனைத்தான் 'மாஸ்' என்பார்கள். தள்ளுவண்டியில் இறைச்சி உருண்டை விற்பவனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பெருநாளுக்குப் பிறகு கூடையோடு வந்தது அவள் அண்ணன் மகள்.

"அத்தைக்கு முழங்கால் போயிடுச்சு. இனி வரமாட்டாங்க. உங்களுக்கு ஒரு வாய் இனிப்பு தரச் சொன்னாங்க."

தர்மஜி சிரட்டையைக் கையால் மூடினார். "பாக்கி வச்சவங்க கையாலதான் வாங்குவேன்."

"வோனோகிரிக்கு பஸ்ஸுல ஏழு மணி நேரம், பாக்."

"தெரியும். அந்த வண்டியில பத்து வருஷம் டிக்கெட் கிழிச்சவன் நான்."

"அப்போ போய் வாங்கிக்க வேண்டியதுதானே?" என்றாள் லாஸ்மி.

போனால், அவள் சொன்னது எந்த 'மாஸ்' என்று தெரிந்துவிடும். அன்றிலிருந்து மூன்று வருடமாகச் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணிடம் கசப்பை மட்டும் வாங்கிக் குடிக்கிறார். அந்த ஒரு வாய் இன்னும் பாக்கிதான்.