மாமாவின் 9699691

9699691 என்ற எண்ணை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. எழுபதுகளில், வெளிநாட்டுக்கு வந்து கிளேட்டனில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில், அது வேண்டாத விருந்தாளி மாதிரி மாதக்கணக்கில் தங்கியிருந்தது. கூட்டி வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி.

முதல் எட்டு முதன்மை எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் இந்த எண் வரும். இதுவும் முதன்மை எண்தானா, அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாததா என்பதுதான் மாமாவின் கவலை. ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், இங்கே டண்டினொங்கில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். கவனமாகச் செய்த வேலை ஒன்றைக் காட்டினால் மேற்படிப்புக்குச் சேர்க்கப் பார்க்கலாம் என்று பேராசிரியர் ஒருவர் சொல்லியிருந்தாராம். அதற்காக மூவாயிரத்துச் சொச்சம் வரையுள்ள முதன்மை எண் ஒவ்வொன்றாலும் அதை வகுத்துப் பார்க்க வேண்டும். சமைத்துச் சாப்பிடும் குசினியில் மேசை முழுக்கத் தாள். நாங்கள் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், சனிக்கிழமையும் வேலை முடியவில்லை. மாமா வீட்டாருக்குப் பங்கு பிரித்தார். அப்பா தூங்குவதாகக் கண்ணை மூடித் தப்பிவிட்டார். அம்மா ஒரு கையால் கறியைக் கிளறிக்கொண்டு மறுகையால் வகுத்தாள். சின்ன எண்கள் லேசு என்று முன்னூறிலிருந்து நானூறு வரையுள்ள முதன்மை எண்கள் என் தலையில் விழுந்தன.

"பதினாறே பதினாறு கணக்குத்தான் பிள்ளை. மீதி என்ன வருதெண்டு மட்டும் எழுதித் தா."

எனக்குப் பத்து வயது. வெளியே கொளுத்தும் வெயில். பக்கத்து வீட்டுப் பெண் புல்தரையில் தண்ணீர் தெளிப்பானைத் திறந்துவிட்டு, வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டபடி நின்றாள். ஆறு எண்களை ஒழுங்காக வகுத்தேன். ஏழாவது 347. அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள். அதற்கு எதிரே மீதி 12 என்று எழுதினேன். மிச்சம் ஒன்பதுக்கும் மனதில் வந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். வீட்டுப் பிள்ளை செய்தது என்று மாமா திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார். பின்னேரம் வந்து கதிரையில் சாய்ந்துகொண்டார். அது முதன்மை எண்தான் என்று இவர் அடித்துச் சொல்ல, பேராசிரியர் கம்பியூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார். 347 மீதியில்லாமல் வகுத்ததாம். கவனம் போதாது என்று அனுப்பிவிட்டார்.

"ஆற்றை தாளிலை பிழை? ஆர் எழுதினது?" என்று அம்மா கேட்டாள்.

மாமா தாள்களைப் புரட்டினார். ஒரு தாளில் 347க்கு எதிரே அவர் விரல் நின்றது. பிறகு அந்தத் தாளை மற்றவற்றுக்கு அடியில் செருகினார்.

"என்ரை பிழைதான் அக்கா. அவசரப்பட்டிட்டன்."

நான் கதவோரம் நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "போய் விளையாடு பிள்ளை" என்றார். அடுத்த நாள் பழையபடி கிடங்குக்குப் போனார். அதற்குப் பிறகும் பத்தொன்பது வருடம் போனார்.

அன்றைக்கு எனக்கோ பெரிய நிம்மதி. என் எழுத்தைக்கூட அடையாளம் பிடிக்கத் தெரியாத மனுசன் என்ன கணக்குப் படித்து என்ன என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.