சேத்து உடுப்பு தோய்ச்ச பிள்ளை

பொம்பிளைப் பிள்ளையளின்ர விடுதிக்குப் பொறுப்பாயிருக்கிறதெண்டால், தாய்தேப்பனிட்டக் கல்லூரியைப் பற்றி நல்லதாச் சொல்லி, கல்லூரியிட்டப் பிள்ளையளைப் பற்றி நல்லதாச் சொல்லி, கடைசியில ரெண்டு பக்கத்தாலயும் பேச்சு வாங்கிற உத்தியோகம். உங்களில ஆரும் விடுதி பார்த்தனீங்களெண்டால் இதுக்கு மேல விளக்கத் தேவையில்லை. துணுக்காய்ப் பக்கம் காட்டோரத்தில இருக்கிற ஒரு விவசாயக் கல்லூரியில எனக்கு இது ஒன்பதாவது வருசம். இந்த வருசம் ஒரு பிள்ளையால எனக்குச் சோறு இறங்கேல்லை.

ஏன் இங்க?

தர்சிகா முள்ளியவளையில இருந்து தாய்தேப்பனோட கல்லூரியில சேர வந்தவள். தேப்பன் கதிரையில இருந்த உடனேயே கேட்டார், "இங்க ராக்கிங் இருக்கோ?" இல்லையெண்டன். எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறனான். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி வந்திட்டுது.

அவர் நம்பேல்லை. யாழ்ப்பாணத்தில பெரியம்மா வீட்டில நிண்டு கணக்கியல் படிக்கலாம், ஆரெண்டு தெரியாத பெடியளோட இந்தக் காட்டுக்குள்ள வந்து வயல் உழத்தான் வேணுமோ எண்டு மகளைப் பார்த்தார். "வயல் வேலையெண்டால் நான் வீட்டில படிப்பிக்க மாட்டனே?" அவள் படிவத்தை நிரப்பிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "நீங்கள் தம்பிக்குத்தானே அப்பா படிப்பிச்சனீங்கள்."

தாயின்ர சோதனை

தாய் எங்களோட கதைச்சு மினக்கெடேல்லை. நேர விடுதிக்குப் போய், ஒவ்வொரு குளியலறைக்குள்ளயும் புகுந்து கதவைப் பூட்டித் திறந்து பார்த்தா. ஆறு மணிக்குக் கேற் பூட்டுறது, ஃபோனுக்கு நேரம் வைக்கிறது எண்டு நான் பின்னால சொல்லிக்கொண்டே போனனான். எல்லாத்துக்கும் "ஓம், ஓம்" எண்டா. முடிவில சொன்னா: "மூண்டாவது கதவுக்குக் கொண்டி இல்லை மிஸ். மற்றதெல்லாம் நீங்கள் சொல்லுறதை நம்பித்தான் விட்டிட்டுப் போறன்."

வழமை

வயலில செய்முறை முடிஞ்சு வாற சீனியர் அக்காமாரின்ர சேத்து உடுப்பை முதல் வருசப் பிள்ளையள்தான் தோய்க்க வேணும். ஆறு மாசம். ஆரும் எழுதிவைக்கேல்லை, ஆரும் மறக்கிறதுமில்லை. எனக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறது சம்பளத்தோட வந்த பழக்கம்.

ஒருநாள் மத்தியானம் தர்சிகா சோத்தைக் கரண்டியால சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தால் விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு கிடக்குது. மனம் கேக்காமல் சீனியர் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு நல்லாப் பேசினன். அவள் மரியாதையா நிண்டு கேட்டுப்போட்டுச் சொன்னாள்: "நாங்களும் தோய்ச்சனாங்கள்தானே மிஸ். அப்ப நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை."

அவள் கேட்டது, நான் செய்தது

அடுத்த கிழமை தர்சிகாவே என்ர அறைக்கு வந்தாள். தோய்ச்சு முடிச்சுப் போக, நாற்றுமேடைப் பாடத்துக்கு மூண்டு தரம் பிந்திப்போச்சாம். இன்னொருக்காப் பிந்தினால் பரீட்சை எழுத விடமாட்டினமாம். "தோய்க்கிறதை மட்டும் நிப்பாட்டித் தாங்கோ மிஸ். வீட்டை சொல்லிப்போடாதேங்கோ, அப்பா கூட்டிக்கொண்டு போயிடுவார்" எண்டு கெஞ்சினாள். நான் ஓமெண்டன்.

அதிபரிட்டப் போனால், முறைப்பாடு வந்தால் அண்டைக்கே பெற்றோருக்கு அறிவிக்க வேணும், இல்லாட்டில் நாளைக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேணும் எண்டார். நான் கொஞ்சம் நிண்டு வாதாடியிருக்கலாம். வயித்துப்பாடு விடேல்லை. அவரின்ர மேசையில இருந்தே தேப்பனுக்கு ஃபோன் எடுத்தன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "சரி மிஸ், காலமை பஸ்ஸுக்கு வாறன்."

கேற்றடியில

அவர் சண்டை பிடிக்க வரேல்லை. பிடிச்சிருந்தால் எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அந்தப் பிள்ளையளை மன்னிப்புக் கேக்க வைக்கிறன், அறையை மாத்தித் தாறன், ஒரு தவணை விட்டுப் பாருங்கோ எண்டு நான் மண்டாட மண்டாட, அவர் மகளின்ர பெட்டியைக் கேற்றடிக்குக் கொண்டுபோனார். யாழ்ப்பாணத்துப் படிப்புக்கும் திகதி முடிஞ்சுதாம், இனி வீட்டோட இருக்கட்டும் எண்டார்.

தர்சிகா அழேல்லை, நான்தான் அழுதனான். பஸ்ஸில ஏற முதல் திரும்பி, ஆறுதலாச் சொன்னாள்: "பேசாமல் தோய்ச்சுக்கொண்டே இருந்திருக்கலாம் மிஸ்."

அதுக்குப் பிறகு ஒரு பிள்ளையும் என்னட்ட முறைப்பாடு கொண்டு வரேல்லை, அதுக்காக அதிபர் என்னைக் கூட்டத்தில பாராட்டினவர்.