கத்திக்கு ஓர் ஆணி

நர்ஸ் வேலையில் நோயாளியைவிட நோயாளியைத் தூக்கி வருகிறவருக்குத்தான் அதிகம் பயப்படவேண்டும். வெள்ளைத் தொப்பி போட்ட சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தோளில் விழுந்தது

புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். பின்னறைதான் வீடு, அங்கே தொட்டிலில் கைப்பிள்ளை. தேயிலைச் செடி வெட்டும் மாரிமுத்து, காய்ச்சலில் பிதற்றும் மனைவியைச் சுமந்து வந்தான். மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா மருந்தெடுக்கக் கண்டிக்குப் போயிருக்கிறார் என்றேன். இடுப்பிலிருந்த, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் திருப்பி, பிடியால் என் தோளில் ஒரு போடு போட்டான். திருப்பாமல் போட்டிருந்தால்? மாலையில் டிஸ்பென்சர் தைலம் எடுத்துக் கொடுத்தார். "நர்ஸ் வேலைன்னா நாலும் இருக்கும் மிஸ்ஸி, பக்குவமாப் பேசிப் பழகுங்க."

வராந்தாச் சட்டம்

பெட்டியைக் கட்டத்தான் எடுத்தேன். கட்டிக்கொண்டு எங்கே போவது? எனக்குப் பின் வருகிறவளுக்கும் தோள் இருக்குமே! கண்டியில் கொன்வென்டில் படித்தபோது, ஈரக் குடையை வராந்தாக் கொக்கியில் மாட்டாமல் யாரும் வகுப்புக்குள் கால் வைக்க முடியாது. மடத்துத் தலைவி மதரின் குடைக்கும் அதே சட்டம். தோட்டத்து ஆசாரியிடம் ஆணிகள் வாங்கி ஆஸ்பத்திரி வாசல் சுவரில் அடித்தேன். கத்தியோ தடியோ, மாட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். கொழுந்து பறிக்கும் வள்ளியம்மை கூடையை நீட்டினாள். "எங் கூடையும் ஆளக் கடிக்குமா மிஸ்ஸி? அதுக்கும் ஒன்னு அடிங்க!"

துரையின் பிரம்பு

ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி மட்டும் தடியை விடவில்லை. "தொரை பிரம்போட உள்ள போவாரு, நான் மட்டும் மாட்டணுமா?" என்றார்.

அடுத்த கிழமை தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை, கையில் பிரம்போடு ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்தார். வராந்தா முழுக்க ஆட்கள். இந்த வேலை போனால் பின்னறையும் போகும், பிள்ளையோடு தெருவில்தான். வாசலை மறித்து நின்றேன். கன்னியாஸ்திரிகள் கற்றுத்தந்த இங்கிலீஷில், "தயவுசெய்து பிரம்பை ஆணியில் மாட்டுங்கள், சேர்" என்றேன். அவர் முகம் சிவந்தது. பிரம்போடு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் மாரிமுத்து மனைவிக்கு மருந்து வாங்க வந்தான். கேட்கும் முன்னே கத்தியை மாட்டினான். பக்கத்து ஆணியில் பெரிய கங்காணியின் தடி தொங்கியது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "தொரையவே வெளிய நிப்பாட்டிட்டீங்க மிஸ்ஸி, எனக்கென்னா ரோசம்?"

பெட்டியைக் கட்டச் சொல்லித் துரை இன்னும் ஆள் அனுப்பவில்லை. அனுப்பினாலும், அந்த ஆள் கையில் தடி இருந்தால் முதலில் அதை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்லவேண்டும்.