எல்லாப் பெட்டியிலும் பத்து

பூட்டிய கதவை இருமுறை இழுத்துப் பார்க்காமல் அவள் வீட்டை விட்டுப் படியிறங்கியதில்லை. அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்ற பெயரே நிலைத்துவிட்டது. நோயாளிகளுக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்புகளுக்கு நிரல் எழுதுவது அவள் வேலை. பதினாறு ஆண்டுகளாக அதே மேசை, அதே கிறீச்சிடும் நாற்காலி.

அன்று காலை முதலே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாற்பது பம்புகள் மாலை நான்கு மணிக்கு வண்டியேற இருந்தன. ஓடும் நிரலுக்குள் எட்டிப் பார்க்க உதவும் டீபக்கரோ, பதினொரு நாள்களாக ஒரே எச்சரிக்கையைக் காட்டிக்கொண்டிருந்தது: ‘மருந்தளவு’ என்னும் தரவு வகை இரண்டு கோப்புகளில் இரண்டு விதமாக வரையறுக்கப்பட்டுள்ளது.

“இன்னுமா அதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?” என்றான் பக்கத்து மேசைக்காரன். பம்புகளைச் சோதிப்பவன் அவன். “அது எரர் இல்லக்கா, வெறும் வார்னிங். அது பாட்டுக்கு வரும், நீங்க பாட்டுக்கு எண்டரைத் தட்டுங்க. முந்நூறு டெஸ்ட்டும் பாஸ்!”

“என்ன நம்பர் போட்டுப் பார்த்தே?”

“எப்பவும் போடுறதுதான், எல்லாப் பெட்டியிலும் பத்து. வேகம் பத்து, எடை பத்து, உச்ச அளவு பத்து. எனக்கும் குழப்பம் இல்ல, மெஷினுக்கும் குழப்பம் இல்ல.”

“அடப்பாவி!”

அவள் எழுந்துபோய் ஒரு பம்பை எடுத்துவந்தாள். எடை பன்னிரண்டு கிலோ, உச்ச அளவு ஐந்து மில்லி என்று பதிந்தாள். மருந்துக்குப் பதில் தண்ணீர். குழாயின் நுனியில் ஓர் அளவுக் குவளை. ஐந்தாம் கோட்டில் பம்பு ஒலியெழுப்பி நின்றிருக்க வேண்டும். தண்ணீர் ஐந்தைத் தாண்டியது, ஏழைத் தாண்டியது. பன்னிரண்டில்தான் பம்பு நின்றது.

பக்கத்து மேசைக்காரன் குழுத்தலைவரை அழைக்க ஓடினான்.

அவள் இரண்டு கோப்புகளையும் அருகருகே திறந்தாள். எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கோப்பில், உச்ச அளவுக்கு முந்தைய வரியாக உடல் எடையைக் குழுத்தலைவர் போன மாதம் சேர்த்திருந்தார். மற்றதில் அந்த வரி இல்லை. அதனால் வரிசை ஓரிடம் தள்ளிப்போய், உச்ச அளவு இருக்கவேண்டிய இடத்தில் பம்பு எடையைப் படித்தது. பொதுக் கோப்பை இணைத்துக்கொள்ளாமல், அதிலிருந்த ஆறு வரிகளை யாரோ முன்பே அப்படியே நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். எழுதியவர் பெயரைப் பார்த்தாள். அவள் பெயர்தான்.

மூன்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு பிற்பகல் நினைவுக்கு வந்தது. இணைத்தால் முழு நிரலையும் மீண்டும் கட்ட நாற்பது நிமிடம் ஆகும். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நேரமாகிவிட்டது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒட்டிவிட்டுப் போனவள், பிறகு மறந்தே போனாள்.

குழுத்தலைவர் முகம் வெளுத்து வந்தார். “எடையைச் சேர்த்தது நான்தானே? தப்பு என்னோடதா?”

ஆம் என்று தலையசைத்திருந்தால் போதும்.

“இல்லைங்க. என்னோடது. நான்தான் காப்பியடிச்சு ஒட்டினேன். வண்டியை நிறுத்துங்க.”

“சீல் வெச்சதையெல்லாமா பிரிக்கணும்?”

“நாற்பதையும்.”

நான்கு மணிக்கு வண்டி காலியாகத் திரும்பிப் போனது. நகலை நீக்கி, பொதுக் கோப்பை இணைத்து, நிரலை மீண்டும் கட்டினார்கள். எச்சரிக்கை மறைந்தது, தண்ணீர் ஐந்திலேயே நின்றது.

“அதான் சரியாயிடுச்சே, கிளம்பலையா?” என்றான் பக்கத்து மேசைக்காரன். இம்முறை அவன் ஒவ்வொரு பெட்டியிலும் வெவ்வேறு எண்ணைப் பதிந்துகொண்டிருந்தான்.

“அந்த வருஷம் இன்னும் எதையெல்லாம் ஒட்டினேன்னு ஞாபகம் வரலப்பா” என்றபடி அவள் அடுத்த கோப்பைத் திறந்தாள்.