அணைத்த விளக்கு ஆறும் நேரம்

என் அக்காவோடு துணிக்கடைக்குப் போனால் உருப்படியாக ஒன்றும் வாங்க முடியாது. அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அங்கே எரியும் விளக்குக்குள் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பீங்கான் குழாய் இருக்கிறது; வெளிச்சம் பிறப்பது அதற்குள்தான். அந்தக் குழாயை வடிவமைப்பது அவள் வேலை. பழைய குழாயின் வெளிச்சத்தில் எந்த முகமும் பச்சை பாய்ந்து நோயாளி முகமாகத் தெரியும். இவள் குழாயின் ஓரங்களை உருட்டி, சுவரைத் தடிமனாக்கி, உள்ளே போடும் உப்புகளை மாற்றி, மூன்று வருஷம் மாரடித்து, முகத்துக்கு ரத்தக்களை வரவழைத்தாள். சோதனைக்கு உட்கார்ந்தது அவள் புருஷன், என் மாமா. "அசையாதீங்க" என்று அவர் உயிரை வாங்குவாள். "உன் புண்ணியத்துல நானும் அழகாயிட்டேன்" என்பார் அவர்.

ஒரு காலையில் மாரடைப்பில் மாமா போய்விட்டார். அஞ்சலிக்கு உடலை வைத்த வாடகைக் கூடத்தில் எரிந்ததும் அவளுடைய விளக்குதான். முகம் நன்றாகத் தெரியும் என்று கூடத்துக்காரர் தேடி வாங்கியதாம்.

மதியம் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "டேய், கன்னத்தைப் பாரு. ரத்தம் ஓடுது. டாக்டரைக் கூப்பிடு."

சத்தியமாக எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. "அது உன் விளக்குதான், அக்கா" என்றேன். அவளுக்கா தெரியாது? எழுந்துபோய் சுவிட்சை அணைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் மாமா சாம்பல் பூத்துக் கிடந்தார்.

உடனே மறுபடி சுவிட்சைப் போட்டாள். எரியவில்லை. இந்த வகை விளக்கை அணைத்தால் குழாய் ஆறும்வரை திரும்ப எரியாது. தடித்த சுவர் சூட்டை லேசில் விடாது.

"பதினஞ்சே நிமிஷம்டா. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்த்துக்கறேன்" என்று கெஞ்சினாள்.

வாசலில் வண்டி நின்றது. எனக்கு அந்த முகத்தை மறுபடி பார்க்கப் பயம், அதுதான் உண்மை. "நேரமாச்சு, எடுங்க" என்று சொன்ன பாவி நான்தான். விளக்கு மறுபடி எரிந்தபோது மாமாவைக் கிடத்தியிருந்த மேசையில் விரிப்பு மட்டும் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது சீக்கிரம் ஆறும் குழாய்க்காக அல்லாடுகிறாள். சுவரை மெலிதாக்கினால் வெடிக்கிறது. அவள் மேசை முழுக்க விரிசல் விட்ட குழாய்கள். "யாரும்மா இதைக் கேட்டாங்க?" என்று மேலாளர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

போன வாரம் போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "பத்து நிமிஷத்துக்குக் கொண்டு வந்துட்டேன்டா. இன்னும் ஒரு நிமிஷம் குறைச்சாப் போதும்."

மாமாவை எடுத்தது விளக்கை அணைத்த ஒன்பதாவது நிமிஷத்தில். அன்றைக்குக் கடிகாரம் பார்த்தவன் நான் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.