மாதியின் ரத்தம் எங்கே போனது?

“...அதெல்லாம் இருக்கட்டுங்க மேடம். போன வருசம் ஒரு ஊசி, அதுக்கு முன்னாடி ஒரு ஊசி. ரெண்டு வாட்டி எடுத்துக்கினு போனீங்களே என் ரத்தம்... அதுல என்னா இருந்துச்சு? அதைச் சொல்லுங்க மொதல்ல!”

கேட்டவர் மாதி. முப்பது வயதிருக்கும். இடம், அஞ்செட்டி தாண்டி மலைமேல் ஓர் இருளர் குடியிருப்பு. போன ஞாயிற்றுக்கிழமை. கையில் ஊசியோடு விழித்தது என் அக்கா மகள் நித்யா. பழங்குடி மக்களின் ஆரோக்கியம் பற்றி முதுநிலைப் படிப்பு படிக்கிறாள். ஆய்வுக்கு நாற்பது பெண்களின் ரத்தம் வேண்டும். முப்பத்தொன்பது கிடைத்துவிட்டது. நாற்பதாவது ஆள்தான் மாதி.

நான் எதற்குப் போனேன்? ஐஸ் பெட்டி தூக்க! அதோடு, எனக்குக் கொஞ்சம் கன்னடமும் நிறைய வாயும் உண்டு. மலைக்கு இரண்டும் உதவும் என்று அழைத்துப் போனாள்.

ஊசிக்கு முன்னால் கேள்விகள். டேப்லெட்டில் வரிசையாக வருகின்றன. “ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்வீர்களா?”

மாதி அப்போதுதான் ஓடையிலிருந்து இரண்டு குடம் தண்ணீரோடு மேடேறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

“ஓய்வு வந்தா செய்யறேங்க” என்றார்.

நித்யா ‘இல்லை’ என்று தட்டினாள். ஆக, உடற்பயிற்சி செய்யாதவர்கள் பட்டியலில் மாதியும் சேர்ந்தாயிற்று!

அடுத்து ஒப்புதல் படிவம். “உங்கள் பரிசோதனை முடிவுகள் ரகசியமாக வைக்கப்படும்” என்று கணீர்க் குரலில் படித்தேன்.

“அது நல்லா வெச்சாங்க! எனக்கே தெரியாமத்தானே வெச்சிருக்காங்க!” என்றார் மாதி.

அப்போதுதான் தொடங்கியது அந்த ரத்தப் பேச்சு. மாதி ஒன்றும் வம்புக்குக் கேட்கவில்லை. தளி பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை. போன மாதம் பசுமைக்குடிலுக்குள் மயங்கி விழுந்திருக்கிறார். ‘ரத்த ரிப்போர்ட் கொண்டா, அப்புறம் உள்ள வா’ என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில்தான். டெஸ்ட்டுக்கு ஒரு நாள், ரிசல்ட்டுக்கு ஒரு நாள் மலை இறங்க வேண்டும். டெஸ்ட்டுக்கே இரண்டு முறை கிளம்பி, வழியிலேயே தலை சுற்றித் திரும்பிவிட்டார்.

ஆனால் அவர் ரத்தம் மட்டும் ஜம்மென்று ஐஸ் பெட்டியில் உட்கார்ந்து இரண்டு முறை காலேஜ் வரை போய் வந்திருக்கிறது... இல்லை, வரவில்லை. அதுதானே பிரச்சினை!

ஓசூரில் நானும் மாஸ்டர் செக்கப் செய்தேன். ரத்தம் கொடுத்துவிட்டு இட்லி சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து நின்றது. நான் அதை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

“அக்கா, அது நான் இல்லை. வேற காலேஜ்...” என்று இழுத்தாள் நித்யா.

“யாரா இருந்தா என்னாங்க? குத்துனது என் கையிலதானே?”

“நான் கண்டிப்பா ரிப்போர்ட்டோட வருவேன்க்கா. ப்ராமிஸ்.”

“முன்ன வந்த பாப்பாவும் இதேதான் சொல்லிச்சு. நல்ல பொண்ணு. எங்கூட உக்காந்து களி தின்னுச்சு. படிச்சு முடிச்சிடுச்சா?”

முடித்திருக்கும். ‘இத்தனை சதவீதப் பெண்களுக்கு ரத்தசோகை’ என்று எழுதிப் பட்டமும் வாங்கியிருக்கும். அந்தச் சதவீதத்துக்குள் எங்கோ மாதியும் இருக்கிறார். பண்ணை கேட்டில் சதவீதத்தைக் காட்டினால் உள்ளே விடுவார்களா என்ன?

“மாமா, வேற வீடு பார்க்கலாமா?” நித்யா என் காதில் கிசுகிசுத்தாள். முணுக்கென்று கண்ணீர் வரும் முகம். நானும், வெட்கமில்லாமல், பக்கத்து வீட்டைத்தான் பார்த்தேன்.

மாதிக்குக் காது நல்ல கூர்மை. சிரித்தார்.

“இரு கண்ணு, எங்க ஓடறே? நாங்க பண்ணைக்குள்ள போறப்போ, கேட்டுல ஆதார் கார்டை வாங்கி வெச்சுக்குவாங்க. வெளிய வரப்போதான் குடுப்பாங்க. அவ்ளோ நம்பிக்கை எங்க மேல!”

சொல்லிக்கொண்டே எழுந்தார். நித்யாவின் கழுத்திலிருந்த காலேஜ் ஐடி கார்டைக் கயிற்றோடு கழற்றினார். வாசல்கால் ஆணியில் மாட்டினார். பிறகு கீழே உட்கார்ந்து, இடது கையை நீட்டினார்.