பூஜ்ஜியம் சமம் பன்னிரண்டு

அவருக்குக் கணக்கு வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் சுற்றுவட்டாரத்தில் அவருக்குப் பெயரே கணக்கு வாத்தியார் என்பதுதான். வீட்டு மாடியில் தகரக் கூரை போட்ட நீளமான அறை, ஏழு பெஞ்சு, ஒரு வெள்ளைப் பலகை, ஓரம் கிழிந்த நாற்காலி ஒன்று. அவருடைய ட்யூஷன் இவ்வளவுதான். பதினெட்டு வருஷமாக நடக்கிறது. கணக்கு வராத ஒரு மனுஷர் பதினெட்டு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தே வயிறு வளர்ப்பதென்றால் அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், இல்லையா? அது அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

கல்லூரியில் கணக்குத் தாளை நாலு தடவை எழுதி, நாலாவது தடவை எப்படியோ தேறியவர். கொஞ்ச நாள் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வருகைப் பதிவேடு எழுதினார். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு வீட்டுப்பாடம் போட்டுக் கொடுத்தார். அவர்கள் துரதிர்ஷ்டவசமாகத் தேறிவிட்டார்கள். அன்று பிடித்த சனியன், ஊரை இன்னும் விடவில்லை.

அவர் செய்ததெல்லாம் இதுதான். பழைய வினாத்தாள்களைச் சேர்த்துவைத்துப் பார்த்தார். இரண்டு சமன்பாடு கொடுத்து எக்ஸ், ஒய் கண்டுபிடிக்கச் சொல்லும் அஞ்சு மார்க் கேள்வி வருஷா வருஷம் வந்தது. ஒருங்கமை சமன்பாடு என்று புத்தகத்தில் பெரிய பெயர். விடை ஒவ்வொரு வருஷமும் முழு எண், அதுவும் பத்துக்குள். இதைக் கண்டுபிடித்த அன்று அவர் அடைந்த சந்தோஷத்துக்கு அளவே கிடையாது. அன்றிலிருந்து அவருடைய போதனை ஒன்றே ஒன்றுதான்.

"விடை முழு எண்ணா வரலையா? நீ எங்கயோ தப்பு பண்ணிருக்கேன்னு அர்த்தம். உக்காந்து தேடிட்டு இருக்காதே, மணி அடிச்சுடுவான். ஏதாவது ஒரு ப்ளஸ்ஸை மைனஸ் ஆக்கு. தானா சரியா வந்துடும்."

கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் வந்துவிடும். பிள்ளைகள் தப்பு விடுவதே அந்த ப்ளஸ், மைனஸில்தானே. அதனால் பிள்ளைகள் அவருக்கு மைனஸ் சார் என்று பெயர் வைத்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. பட்டம் கொடுத்த மாதிரி பூரித்துப்போனார்.

வரைபடம் போடச் சொன்னால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். "விடை கைக்கு வந்துடுச்சுல்ல? அந்தப் புள்ளியில ரெண்டு கோட்டைப் பெருக்கல் குறி மாதிரி வெட்ட விடு. திருத்துறவங்க ஸ்கேல் வச்சா அளக்கப் போறாங்க?" யாராவது ஏன் சார் என்று வாயைத் திறந்தால் தீர்ந்தது. "ஏன்னு கேட்டா அஞ்சு மார்க் போகும். எப்படின்னு கேட்டா அஞ்சு மார்க் வரும். நீ எதைக் கேக்கப் போறே?" பாவம், அந்தப் பிள்ளை உட்கார்ந்துவிடும்.

உட்காராத பிள்ளை ஒன்றே ஒன்று. அது அவர் பெற்ற பெண். கடைசிப் பெஞ்சில் சுவரோரம் இருப்பாள். அவள் ஏன் என்று கேட்டால், "வீட்டுக்கு வந்து கேளும்மா" என்பார். வீட்டில் கேட்டால், "இதையெல்லாம் ட்யூஷன்ல கேக்க வேண்டியதுதானே, மனுஷன் சாப்பிட வேண்டாமா?" என்பார். ஒரு கட்டத்தில் அந்தப் பெண் கேட்பதையே விட்டுவிட்டாள். பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து அவளாகவே போட்டுப் போட்டுப் பார்த்தாள். அப்பாவுக்கு அது தெரியும். அடங்கிவிட்டாள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தார்.

அந்த வருஷம் அவரிடம் படித்தது அறுபத்து மூன்று பேர். பொதுத்தேர்வில் கணக்குத் தாள் முடிந்த மத்தியானம் ஒரு கூட்டமே மாடி ஏறி வந்தது. எல்லார் முகத்திலும் சிரிப்பு.

"சார், அஞ்சு மார்க் கேள்வியில பூஜ்ஜியம் சமம் பன்னிரண்டுன்னு வந்துச்சு சார்! பயந்தே போயிட்டோம். அப்புறம் நீங்க சொன்ன மாதிரியே ஒரு ப்ளஸ்ஸை மைனஸ் ஆக்கினோம். எக்ஸ் அஞ்சு, ஒய் ஒண்ணு. பளிச்சுன்னு வந்துடுச்சு சார்!"

அவர் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வினாத்தாளை எடுத்துப் பார்த்தார். இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று ஒய் சமம் பதின்மூன்று. நான்கு எக்ஸ் கூட்டல் ஆறு ஒய் சமம் பதினான்கு. தீர்வு காண்க, விடையை வரைபடத்தால் சரிபார்க்க. காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டார். முதல் சமன்பாட்டை இரண்டால் பெருக்கினார், இரண்டாவதைக் கழித்தார். எக்ஸும் போச்சு, ஒய்யும் போச்சு. பூஜ்ஜியம் சமம் பன்னிரண்டு. மறுபடி போட்டார். அதே பன்னிரண்டு. பேனாவை மாற்றிக்கூடப் போட்டுப் பார்த்தார், அப்படிப்பட்ட மேதை.

அப்புறம் இரண்டாவது சமன்பாட்டில் ப்ளஸ்ஸை மைனஸாக்கினார். எக்ஸ் அஞ்சு, ஒய் ஒன்று. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"அச்சுப் பிழை!" என்று கீழே கேட்கிற மாதிரி கத்தினார். "மைனஸ் போட வேண்டிய இடத்துல ப்ளஸ் போட்டுத் தொலைச்சிருக்கானுங்க! எல்லாருக்கும் அஞ்சு மார்க் சும்மா குடுக்கணும்!"

பெண் படியேறி வந்தாள். "அப்பா, கேள்வி சரிதான்."

"என்னது?"

"தீர்வு இல்லைன்னு எழுதணும்ப்பா. முதல் சமன்பாட்டை ரெண்டால பெருக்கினா இருபத்தாறு வருது. அதே நாலு எக்ஸ் ஆறு ஒய் பதினாலுன்னு அடுத்ததுல இருக்கு. ஒரே சமயத்துல ரெண்டும் எப்படி உண்மையா இருக்கும்? கோடு போட்டுப் பாத்தேன். ரெண்டும் பக்கத்து பக்கத்துல போகுது. எங்கயும் வெட்டல."

"நீ அப்படித்தான் எழுதினியா?"

"ஆமா."

அவர் படியிறங்கிச் சமையலறைக்குப் போனார். "கேட்டியா உன் பொண்ணு லட்சணத்தை? தீர்வு காண்கன்னு கேட்டா, தீர்வு இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கா. சாம்பார் வைன்னு சொன்னா அடுப்பே இல்லைன்னு சொல்ற மாதிரி!"

மனைவி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "அவ சொல்றது எனக்குப் புரியுது. உங்களுக்குத்தான் புரியல" என்றாள். அவளிடம் அவர் மூன்று நாள் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

அந்த மூன்று நாளில் மனு தயாரானது. கேள்வி தவறு, மாணவர் நலன் கருதி முழு மதிப்பெண் வழங்குக என்று இரண்டு பக்கம். இந்த அஞ்சு மார்க் போனால் அவர் பிள்ளைகளில் ஒருவருக்கும் நூறு கிடையாது. நூறு இல்லையென்றால் அடுத்த வருஷம் ஏழு பெஞ்சிலும் காற்றுதான் உட்காரும். பதினெட்டு வருஷம் கட்டிக்காத்த பெயர் ஒரு ப்ளஸ்ஸில் தொங்கியது. அறுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பெண் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"நான் தப்பா எழுதலையேப்பா. நான் எதுக்குப் போடணும்?"

"பெத்த பொண்ணே போடலைன்னா என் மூஞ்சியில யாரு முழிப்பாங்க?" என்று கத்திப் பார்த்தார். அவள் அசையவில்லை.

தேர்வு அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளே இருந்த அதிகாரியம்மா மனுவை முழுவதும் படித்தார். கோபப்படவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு வரைபடத்தாளும் பென்சிலும் எடுத்து மேசைமேல் தள்ளினார்.

"வரைங்க சார்."

"மேடம்?"

"ரெண்டு கோடும் வரைங்க. புள்ளி நான் சொல்றேன். முதல் கோட்டுக்கு அஞ்சு, ஒண்ணு. அப்புறம் ரெண்டு, மூணு. அடுத்த கோட்டுக்கு ரெண்டு, ஒண்ணு. மைனஸ் ஒண்ணு, மூணு."

புள்ளி வைத்தார். கோடு போட்டார். பதினெட்டு வருஷத்தில் விடை தெரியாமல் அவர் போட்ட முதல் வரைபடம் அதுதான். கோடு நேராகவே விழுந்தது.

"எங்க வெட்டுது?"

"வெட்டல மேடம்."

"தாள் பத்தலையோ? இன்னொண்ணு ஒட்டித் தரட்டுமா?"

"வேண்டாம் மேடம்."

"எந்த ஸ்கூல்ல வேலை பாக்கறீங்க?"

"ஸ்கூல் இல்ல மேடம். ட்யூஷன்."

"அப்பவே நினைச்சேன்" என்று சொல்லி அந்தம்மா மனுவைத் திருப்பிக் கொடுத்தார். அவர் அதை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அறுபத்திரண்டு கையெழுத்தும் சட்டைப் பையில் அடங்கிவிட்டது.

பிள்ளைகளிடம், "மேலிடத்துக்கு அனுப்பியிருக்காங்க, பரிசீலனையில இருக்கு" என்றார். வீட்டுக்குப் போனால் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் நின்றார். நீ சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மூன்றே வார்த்தை. வாயையும் திறந்தார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன்ப்பா."

சரி என்று உள்ளே போய்விட்டார். தூ, இவரெல்லாம் ஒரு மனுஷன்!

முடிவு வந்தது. அறுபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் தொண்ணூற்றைந்துக்கு மேல் இல்லை. அவர் பெண்ணுக்கு நூறு. பள்ளி வாசலில் ஒட்டிய தாளை எல்லாரும் பார்த்தாயிற்று. பத்து மணிக்கெல்லாம் பெற்றவர்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். பெஞ்சில் இடமில்லாமல் படிவரைக்கும் நின்றார்கள். முன்னால் நின்றது பேக்கரிக்காரரும் ஒரு நர்ஸம்மாவும்.

"என்ன சார் இது?" என்றார் பேக்கரிக்காரர். "என் பையன் தொண்ணூத்தி நாலு. நர்ஸம்மா பொண்ணு தொண்ணூத்தி அஞ்சு. அத்தனை பேருக்கும் அந்த ஒரே கேள்வியில அடி. உங்க பொண்ணுக்கு மட்டும் எப்படி சார் சரியா வந்துச்சு?"

"எங்க பிள்ளைங்களுக்கு ப்ளஸ்ஸை மைனஸ் ஆக்குன்னு சொல்லிக் குடுத்துட்டு, உங்க பொண்ணுக்கு மட்டும் ஒழுங்கான முறையைத் தனியா சொல்லிக் குடுத்தீங்களா?" என்றாள் நர்ஸம்மா. "நாங்க என்ன இளிச்சவாயங்களா?"

அவருக்கு உண்மையைச் சொல்வதென்றால் சொல்ல ஒன்றுதான் இருந்தது. எனக்குத் தெரியாது, அவளாகவே கண்டுபிடித்தாள், அவள் சொல்லியும் நான் கேட்கவில்லை. இதைச் சொன்னால் முட்டாள் என்று ஆகிவிடும். இல்லை, தனியாகத்தான் சொல்லிக் கொடுத்தேன் என்றால் அயோக்கியன் என்று ஆகும். இரண்டையும் எடைபோட அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அவர் எந்தக் கணக்கையும் போட்டதில்லை.

"ஆமா" என்றார். "பெத்த பாசம். வீட்டுல தனியா சொல்லிக் குடுத்தேன். தப்புதான், மன்னிச்சுடுங்க."

படிவரைக்கும் ஒரே கூச்சல். பேக்கரிக்காரர் பலகையைத் தட்டித் திட்டினார். அந்தச் சத்தத்தில் பெண் கீழேயிருந்து ஏறி வந்து கதவோரம் நின்றதை அவர் கவனிக்கவில்லை. நர்ஸம்மாதான் பார்த்தாள்.

"இந்தா, நீயே சொல்லும்மா. உங்கப்பா உனக்குத் தனியா சொல்லிக் குடுத்தாரா?"

கூச்சல் நின்றது. அவர் பெண்ணைப் பார்த்தார். இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதினெட்டு வருஷமும் காலி. சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார், வெட்கங்கெட்ட மனுஷர். அவள் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அவளுக்குக் கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால்கூட அவரால் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும்.

"ஆமா ஆன்ட்டி" என்றாள். "அப்பாதான் சொல்லிக் குடுத்தாங்க."

நர்ஸம்மா மூச்சை இழுத்துவிட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "போனது போகட்டும் சார். அடுத்த வருஷம் என் சின்னவ வரா. அவளை மட்டும் அந்தத் தனி வகுப்புல சேத்துக்குங்க" என்றாள். "அப்போ என் தங்கச்சி பையனும்" என்றார் பேக்கரிக்காரர். பின்னால் நின்றவர்கள் நான், நீ என்று முண்டியடித்து முன்னால் வந்தார்கள். நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுத அவருக்குக் கை போதவில்லை.

எல்லாரும் இறங்கிப்போன பிறகு அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். பெண் கலைந்த பெஞ்சுகளை நேராகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீ போட்டதை நான்..." என்று ஆரம்பித்து அவர் நிறுத்தினார்.

"பரவாயில்லப்பா" என்றாள் அவள், கடைசிப் பெஞ்சைச் சுவரோடு ஒட்டியபடி. "நீங்களே வச்சுக்கோங்க."

அவர் வைத்துக்கொண்டார்.